மீன் தூங்குமா?

பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அம்மாவுக்குப் பல் பிடுங்குவதால்தான் இன்று ஒரே அறையில். மூலையிலிருக்கும் மீன்தொட்டியின் நீல வெளிச்சத்தில் ஒரு தங்கமீன் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. தம்பியின் வாய் அவனைக் கேட்காமலே திறந்துகொள்கிறது.

“தூங்குது பாரு.”

“மீனாவது, தூங்கறதாவது! அப்பவே சொன்னேன்ல?”

“நீ எங்க பார்த்த? முழிச்சிருந்து பார்க்கலாம்னுட்டு முதல்ல குறட்டை விட்டதே நீதான்!”

“போடா புளுகா.”

சிறு வயதில் வாரக்கணக்கில் ஓடிய சண்டை இது. தேடிப் பார்க்க இன்டர்நெட் கிடையாது. அப்பாவைக் கேட்டால், “முதல்ல நீங்க போய்த் தூங்குங்க” என்பார். சண்டை முடியவே இல்லை.

அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவள் மகள் செல்போனை எடுக்கிறாள். “இருங்க மாமா, ஒரு செகண்ட்ல பார்த்துச் சொல்லிடறேன்.”

தம்பிக்குத் திக்கென்கிறது. விடை வந்துவிட்டால் பேச்சும் நின்றுவிடும். அக்கா சட்டென்று செல்போனைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுக்கிறாள்.

“பெரியவங்க பேசறப்ப உனக்கென்னடி அவசரம்?” என்று மகளை அதட்டிவிட்டுத் தம்பி பக்கம் திரும்புகிறாள். “நீ சொல்லுடா. கண்ணு திறந்தே இருக்கே, அது எப்படித் தூக்கம்?”