ஆறு மணி வரை

"இப்பவும் அதே எர்ரர்தான்," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

அவளுடைய லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓடவிட்டு, வேலைக்காகப் புனே கம்பெனி வைத்த டெஸ்ட்டை ஆறு மணிக்குள் முடித்து அனுப்ப வேண்டும். உள்ளே ஓட வேண்டியது கிளம்பவே மறுத்தது.

கணவன் சுமந்த் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவள் கூடவே உட்கார்ந்திருந்தான். சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினான். கெர்னலை மாற்றிப் பார்த்தான்.

"எனக்காக நீங்க சாப்பிடக்கூட இல்லையே."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பயாஸ் செட்டிங்ல ஏதாவது இருக்குமோ?"

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்," என்றான் அவசரமாக.

ஆறு மணி தாண்டியது. அவள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவனுக்கு மனசு கேட்கவில்லை. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, அதன் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் பயாஸுக்குள் போனான்.

"ஸ்ரீ, உள்ளே இன்னொண்ணை ஓட விடற விர்ச்சுவலைசேஷன் ஆஃப்ல இருக்கு. இதாக்கும் காரணம். நான் முன்னாடியே பார்த்திருக்கணும்."

"சாரமில்லை, போனா போறது. நீங்க அதை ஆஃப் பண்ணினதை முந்தாநாளே பார்த்துட்டேன். ஆன் பண்ணி, டெஸ்ட்டை எழுதி அனுப்பிட்டு, திரும்ப ஆஃப் பண்ணி வெச்சேன்."

அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.

"காலம்பற வேலை கிடைச்சாச்சு. புனேக்கு வரேளா, வீட்லேர்ந்தே பார்க்கறேளான்னு கேட்டிருக்கா. பண்ணினதை நீங்களே சொல்லுவேள்னு ஆறு மணி வரைக்கும் பதில் போடாம இருந்தேன்."

அவள் ஃபோனை எடுத்து, 'புனே' என்று டைப் செய்தாள்.