மகள் கூட்டிவரும் ஆள்

"கீழ வந்துட்டோம்ப்பா, லிஃப்ட்ல ஏறப் போறோம்" என்று சொல்லிவிட்டு மகள் போனை வைத்தாள்.

அவர் எழுந்து நின்றார். வாசலையே பார்த்து நிற்பது அவ்வளவு நன்றாக இல்லையே என்று உட்கார்ந்தார். உட்கார்ந்திருந்தால் அதிகாரம் பண்ணுவது போலாகிவிடும் என்று மறுபடி எழுந்தார்.

லிஃப்ட் மெக்கானிக் அவர். ஊரில் பாதி லிஃப்டுகளின் உள்விவகாரம் தெரியும். தான் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட் எவ்வளவு சோம்பேறி என்பதும் தெரியும். அது ஆறாவது மாடிக்கு வந்து சேர்வதற்குள் ஒரு மனிதர் வேர்த்து விறுவிறுத்துப் போக நேரம் தாராளமாக இருந்தது.

காலையில்தான் குண்டைத் தூக்கிப் போட்டிருந்தாள். சாயங்காலம் ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றேன், நீங்க அந்த கிரீஸ் பட்ட சட்டையை மட்டும் மாத்திக்குங்க. அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

யார், என்ன என்று அவர் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக நாவல் படிக்கிறவருக்கு இதுகூடவா புரியாது?

மொட்டைமாடி இயந்திர அறைகளில், உதிரிபாகம் வந்து சேரும்வரை, தலையணை தலையணையாகப் படித்துத் தள்ளியவர் அவர். காதல் கதை, குடும்பக் கதை, பாகம் பாகமாக நீளும் தலைமுறைக் கதை. பையில் ஸ்பேனரோடு ஒரு புத்தகமும் கிடக்கும். கூட வேலை பார்க்கிறவர்கள் அவருக்கு 'அத்தியாயம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மகள் ஒருவனைக் கூட்டிவரும் கட்டம் அந்த நாவல்களில் எத்தனையோ முறை வந்திருக்கிறது. அப்பாக்கள் தாம்தூம் என்று குதிப்பார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள். ஒருவர் துப்பாக்கியையே எடுத்தார். அந்த இடம் வரும்போதெல்லாம் "அறிவு கெட்ட மனுஷன்" என்று புத்தகத்தைப் பார்த்துத் திட்டுவது அவர் வழக்கம்.

தான் அப்படி நடந்துகொள்ளக் கூடாது. சிரித்த முகமாகக் கை கொடுக்க வேண்டும். சம்பளத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.

லிஃப்ட் இரண்டாவது மாடியைத் தாண்டும் சத்தம் கேட்டது.

அவளை வளர்த்ததே நாவல்கள்தான் என்று சொல்ல வேண்டும். மனைவி தவறிப்போனபோது அவளுக்கு நாலு வயது. அவருக்கு ஜடை பின்ன வராது, தாலாட்டு வராது. படித்துக்கொண்டிருந்த நாவலையே சத்தமாகப் படித்துத் தூங்கவைத்தார். கதாநாயகனும் கதாநாயகியும் தனியாகச் சந்திக்கும் இடம் வந்தால், பக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நாலைந்து தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிடுவார்.

அவளும் நம்பினாள். பன்னிரண்டு வயதில், ஒரு விடுமுறைக்குள் அந்த ஒட்டிக்கொண்ட பக்கங்களை எல்லாம் தேடிப்பிடித்துப் படித்துவிட்டு, சாப்பிடும்போது அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அவருக்குப் புரையேறிவிட்டது.

அதிலிருந்து வீட்டில் ஓயாத சண்டை. அவர் பாதி படித்து வைத்ததை அவள் தூக்கிக்கொண்டு போவாள். திருப்பிக் கேட்டால், யார் செத்துப் போறாங்கன்னு சொல்லிடுவேன் என்று மிரட்டுவாள்.

நேற்றுவரை போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்தவள், இன்றைக்கு பிசியோதெரபிஸ்ட். அவரைவிட வயதானவர்களை, ஏமாத்தாம காலைத் தூக்குங்க என்று அதட்டுகிறாள்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஆனாலும் எந்த இடத்தில் இவ்வளவு வளர்ந்தாள் என்று பிடிபடவில்லை. நல்ல நாவலில் அப்படித்தான் ஆகும். சற்று நிமிர்ந்து பார்த்தால் முக்கால்வாசி முடிந்திருக்கும்.

நாலாவது மாடி.

கண்ணாடி முன் நின்று இருக்கிற முடியை ஒதுக்கினார். இனிமேல் இந்த வீட்டில் முடிவைச் சொல்லிவிடுவேன் என்று மிரட்ட யார் இருக்கிறார்கள்? செருமிக்கொண்டு ஒத்திகை பார்த்தார். வாங்க மாப்பிள்ளை? அது முந்திரிக்கொட்டைத்தனம். வாங்க தம்பி? அது பேருந்தில் இடம் கேட்பது போல இருந்தது. வெறும் 'வாங்க' போதும்.

லிஃப்ட் நின்றது. மணி அடிப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார்.

மகள் நின்றிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, காதோரம் நரைத்த ஒரு பெண்மணி. நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவர்.

அவர் அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். லிஃப்ட் காலியாக இருந்தது.

நூலகத்துக்கு வாரத்தில் எந்த நாளும் போகலாம். ஆனால் கொஞ்ச காலமாக அவர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் போகிறார். அந்த இரண்டு நாளும்தான் இந்த அம்மா அங்கே உட்கார்ந்திருப்பார். என்றைக்காவது நாற்காலியில் வேறு யாராவது இருந்தால், படித்து முடித்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காமலே வீட்டுக்கு வந்துவிடுவார். இது ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார்.

அவர் குனிந்து, மாற்றிய சட்டையிலும் கிரீஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அந்த அம்மாவும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் பேசிட்டிருங்க" என்று சொல்லிவிட்டு, மகள் காபி போட உள்ளே போனாள்.