நல்லம்மாவின் குரல்

லெட்சுமி இன்றைக்கும் கிராணியாரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எதிர்வீட்டு ஜன்னலில் நின்ற வள்ளிநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆபீசில் கணக்கெழுதும் கிராணியார் கதிர்காமநாதன் வள்ளிநாயகியின் ஊர்க்காரர். மனைவி நல்லம்மா யாழ்ப்பாணத்தில். ஜப்பான்காரன் பினாங்குக்குள் வந்ததிலிருந்து கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. லெட்சுமி அதே வீட்டில் அடுத்த அறையில் குடியிருப்பவள். அவள் புருஷன் அர்ஜுனனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவருக்குப் பெண்சாதி பக்கத்தில் இல்லை; இவளுக்குப் புருஷன் பக்கத்தில் இல்லை. டத்தோ கிராமாட் வட்டாரம் முழுக்க இதே பேச்சு.

"காலுக்கு மருந்து கட்டுறேங்கக்கா" என்று போன வாரம் லெட்சுமி சொன்னாள். பதுங்குகுழி வெட்டப் போன இடத்தில் அவருக்குக் கணுக்காலில் ஆணி ஏறியது உண்மைதான். ஆனால் அந்தப் புண் ஆறி மூடியதை வள்ளிநாயகியே கண்ணால் பார்த்தாளே! ஆறின புண்ணுக்கு என்ன மருந்து?

நாளைக்கு நல்லம்மா வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கதவுக்கு வெளியே கால் நின்றுவிட்டது. உள்ளே கிராணியார் அழுகிற குரலில் கூப்பிட்டார்.

"நல்லம்மா... நல்லம்மா..."

"ஓமப்பா, இஞ்சதான் இருக்கிறன்."

லெட்சுமியின் குரல். அதுவும் யாழ்ப்பாணத்துப் பேச்சில்!

வள்ளிநாயகி கதவைத் தள்ளித் திறந்தாள்.

"கதவச் சாத்துங்கம்மா, ஈ வருதுலா!"

சொன்னவர் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெசர் ஷேக் அலாவுதீன். கையில் இடுக்கியோடு கட்டிலருகே மண்டியிட்டிருந்தார். கணுக்கால் வீங்கிச் சிவந்து, மறுபடி உடைந்து சீழ் வடிந்தது. கிராணியார் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு கைகளையும் லெட்சுமி இறுக்கிப் பிடித்திருந்தாள். மயக்க மருந்துக்கு எங்கே போவது?

"புண் ஆறிப்போச்சுதே?" என்றாள் வள்ளிநாயகி.

"தோல்தாம்மா ஆறுச்சு. மூடுறதும் உடையிறதுமா இருந்தா, சீழ் எலும்புல இருக்குன்னு அர்த்தம். கம்பிய விட்டுப் பாத்தேன், எலும்பு தட்டுச்சு. செத்த எலும்பு உள்ள கெடக்கிற வரைக்கும் ஆறாது."

இடுக்கி உள்ளே போனது. கிராணியார் அலறினார். "நல்லம்மா!"

"இருக்கிறனப்பா, இருக்கிறன்."

பூச்சி அரித்த மரம் போல நகத்தளவு எலும்புச் சில்லு வெளியே வந்து விழுந்தது. அலாவுதீன் புண்ணைத் தைக்காமல் திறந்தே விட்டு, காய்ச்சி ஆறிய உப்புத்தண்ணீரால் கழுவி, பலகை வைத்துக் கட்டினார்.

"கால் தப்பிச்சிரும்னு நெனைக்கிறேன். மாத்திரை கெடைக்காத காலம். காய்ச்சல் இன்னும் கொஞ்ச நாளைக்கு வந்து வந்து போகும். கால ஊனவே விடாதீங்க."

லெட்சுமி சீழ்த்துணிகளை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். வள்ளிநாயகியும் பின்னாலேயே போனாள்.

"மருந்து கட்டினது சரி. அந்த மனுசன் பெண்சாதியைக் கூப்பிட, நீ ஏன் ஓம் எண்டு சொன்னனீ?"

லெட்சுமி துணியை வெந்நீரில் அலசினாள். தலை நிமிரவில்லை.

"எங்க வீட்டுக்காரரும் அங்க காட்டுல காய்ச்சலாக் கெடந்தா, என் பேரச் சொல்லித்தானேக்கா கூப்பிடுவாரு? யாராச்சும் ஒருத்தி, இருக்கேன்னு சொல்ல மாட்டாளா..."

வள்ளிநாயகி பக்கத்தில் குந்தி, ஒரு துணியை எடுத்துப் பிழிந்தாள்.

உள்ளேயிருந்து மறுபடி முனகல் கேட்டது. லெட்சுமி எழுந்தாள்.

"நில்லு பிள்ளை" என்றாள் வள்ளிநாயகி. "நல்லம்மா 'ஓமப்பா' எண்டு சொல்லமாட்டாள். 'இஞ்சாருங்கோ, நான் இஞ்சைதான்' எண்டு சொல்லு. அப்பதான் அவர் நம்புவார்."