கோணல் கோடு

"இன்னிக்கும் மருந்து ஏத்த முடியாதும்மா. டாக்டர் பார்த்துட்டார்," என்றாள் நர்ஸ் ஜொவிட்டா.

டோரதிக்கு நெஞ்சு கொதித்தது. மூன்றாவது தடவை. மந்தைவெளியிலிருந்து அடையாறு வரைக்கும் புருஷனை ஆட்டோவில் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தால், இங்கே இதே பாட்டு.

"கேன்சருக்கு மருந்து குடுக்கிற இடமா, திருப்பி அனுப்புற இடமா இது?"

"ஈசிஜி சரியில்லம்மா. துடிப்பு தாளம் தப்புது. இப்ப ஏத்தினா இதயம் நின்னே போயிடலாம்."

"ஏத்தலைன்னா மட்டும்? கட்டி உனக்காகக் காத்துக்கினு இருக்குமா? காகிதத்துல ஒரு கோடு கோணலாப் போச்சுன்னு மனுஷனைச் சாக விடுவியா?"

சக்கர நாற்காலியில் இருந்த ஆம்ப்ரோஸ் அவள் முந்தானையை இழுத்தார். "டோரதி, விடு."

"நீங்க சும்மா இருங்க. வாய் செத்தவங்கன்னா இவங்களுக்கு இளக்காரம்."

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜொவிட்டா குரலை உயர்த்தவே இல்லை. அது டோரதிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இங்க குடுத்ததைத் தவிர வேற மாத்திரை எதாவது சாப்பிடறாரா?"

"போன தடவையும் இதையேதான் கேட்டே. இல்லைன்னா இல்லை. நான் இன்னா பொய்யா சொல்றேன்? இந்தா, பார்த்துக்கோ."

துணிப்பையை அப்படியே மேஜைமேல் கவிழ்த்தாள். ஃபைல், தண்ணீர் பாட்டில், ஜெபமாலை. கூடவே ஒரு மாத்திரை அட்டை. பத்தில் இரண்டுதான் மிச்சம்.

ஜொவிட்டா அட்டையை எடுத்தாள். "இது?"

"அதெல்லாம் ஒரு மாத்திரையா? வாந்திக்குப் போடறது. தெருமுனைக் கடையில கேட்டா குடுக்கிறான்."

"தினமுமா?"

"மூணு வேளை. அதைப் போட்டாத்தான் ரெண்டு இட்லியாவது உள்ள தங்குது."

"தாளம் தப்பறது இதனாலதாம்மா இருக்கும். இவர் மருந்தோட இது சேரவே கூடாது. நிறுத்திட்டா துடிப்பு சரியாகலாம். வாந்திக்கு டாக்டர் வேற தருவார்." ஜொவிட்டா ஃபைலைத் திறந்தாள். "யார் வாங்கினதுன்னு எழுதணும். டாக்டர் கேட்பார்."

டோரதி அந்த அட்டையையே பார்த்தாள். மூன்று தடவை மருந்து ஏறாமல் போனது, அதில் வீணான ஒரு மாதம், எல்லாம் அந்தக் காலியான எட்டு ஓட்டைகளில் தெரிந்தது.

"நான்தான் சிஸ்டர்," என்றார் ஆம்ப்ரோஸ். "அவ வேண்டாம்னுதான் சொன்னா. நானே கடைக்குப் போய் வாங்கினேன்."

ஜொவிட்டா சக்கர நாற்காலியைப் பார்த்தாள். செருப்புக்குள் நுழையாமல் வீங்கியிருந்த அவர் பாதங்களைப் பார்த்தாள். பிறகு, இத்தனை நேரம் தன்னைக் கிழித்தெடுத்த டோரதியின் முகத்தைப் பார்த்தாள்.

குனிந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"நோயாளி... தானே... கடைக்கு நடந்து போய்... வாங்கியிருக்கிறார்."