எழுபத்தொன்பது

கோச் ஜெபராஜ் இருந்தார். பழைய கேப்டன் இன்னாசிமுத்து இருந்தார். என் தம்பி மகன் ஜெரின் இருந்தான். நான் இருந்தேன். வேறு யாரும் இல்லை.

ஜெரின் மட்டும் நின்றுகொண்டிருந்தான்.

கல்லூரி விளையாட்டு அறை. மூன்றாம் ஆண்டு முடிகிறபோது, கூடைப்பந்து அணியில் பந்தைக் கொண்டுபோய்ப் பாஸ் கொடுக்கிற 'கார்டு' இடத்தில் ஆடும் பையனை அங்கே அழைப்பது வழக்கம். சுவரில் படமாக இருக்கும் மூன்று பேரின் ஸ்கோர் புத்தகங்களை எடுப்பார்கள். அவர்களுடைய மூன்றாம் ஆண்டோடு இவனுடையதை வைத்துப் பார்ப்பார்கள். ஒருவரைத் தாண்டினால் போதும். ரயில்வே அணித் தேர்வுக்குக் கடிதம் உண்டு.

பார்ப்பது ஒன்றைத்தான். கூடை விழக் கொடுத்த பாஸ்கள்.

முதல் புத்தகம், தொண்ணூற்றிரண்டு. அடுத்தது, எண்பத்தெட்டு.

மூன்றாவது என் தம்பி சூசையுடையது. ஜெரினுக்கு இரண்டு வயதாகும்போது இறந்துபோனான்.

"ஒங்கப்பா எழுபத்தொம்பது. நீ எழுபத்தொண்ணு" என்றார் கோச்.

இன்னாசி சிரித்தார். "எட்டுதாம்ல கொறவு. இப்ப உள்ள பயலுவன்னா கூட்டி எழுதிட்டுப் போயிருவானுவ. அன்னைக்கு எழுதுனது நம்ம அண்ணாச்சில்லா. ஒரு கோடு கூடுமா?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த வருடம் சூசைக்கு முழங்கால் சரியில்லை. பந்து அவன் கையில் நிற்கவில்லை. எங்கள் வீட்டுப் பையன் சோடை போனான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. அணியின் ஸ்கோரர் நான். மற்றவர்கள் கொடுத்த பாஸ்களுக்கு அவன் பெயரில் கோடு போட்டேன்.

அவன் கொடுத்தது ஐம்பத்தெட்டு.

ஜெரின் புத்தகத்தின் மேல் குனிந்தான். என் கையெழுத்தை விரலால் தொட்டான்.

"பெரியப்பா, நெசமாவே அப்பா இவ்வளவு குடுத்தாவளா?"

"எழுதியிருக்குல்லா."

அவன் தலையாட்டினான். முகத்தில் வருத்தம் இல்லை. பெருமைதான் இருந்தது.

கோச் புத்தகத்தை மூடினார்.

ஜெரின் இப்போது உப்பளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறான். பந்தைத் தொடுவதில்லை. யாராவது கேட்டால் அப்பாவின் எண்ணைச் சொல்கிறான். தன்னுடையதைச் சொல்வதில்லை.

அன்றைக்கு நான் எதையோ சொல்ல எழுந்தேன் என்றும், இன்னாசி கையைப் பிடித்து உட்காரவைத்தார் என்றும் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது.

அப்படி எதுவும் நடக்கவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. எழுந்தேன். சரியானதும் உட்கார்ந்தேன்.