எண் எழுதிய கல்

தண்ணீர் லாரியின் கை பிரேக்கைச் சரிசெய்து தரும்படி டிரைவர் லூர்து கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் முதலாளி தணிகாசலம் செய்தது, சக்கரத்துக்கு அண்டைகொடுக்கும் கல்லுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, அதில் வண்டி எண்ணை எழுதிக் கொடுத்ததுதான். மேட்டில் நின்றால் லூர்து கால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பான். கிளீனர் முனியப்பன் இறங்கிப் பின்சக்கரத்தில் கல்லை வைப்பான். நேற்று வண்டி ஒரு சாண் நழுவி, முனியப்பனின் இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. ஆஸ்பத்திரிக்கு வந்த முதலாளி, “ஒரு கல்ல ஒழுங்கா வைக்கத் தெரியாதாய்யா உனக்கு?” என்றார். பக்கத்தில் நின்று அதைக் கேட்ட லூர்து, தன் கால்தான் தளர்ந்துவிட்டதோ என்று இரவெல்லாம் புரண்டான்.

இன்று முதல் நடை, முனியப்பன் இல்லாமல், முதலாளி வீட்டுத் தொட்டிக்கு. செங்குத்தான தெரு. தண்ணீர் நிறைந்த லாரிக்குப் பின்னால் அவருடைய புது கேட்.

“எறங்கி ஓஸ் பைப்ப மாட்டுடா,” என்றார் வாசலில் நின்ற தணிகாசலம்.

“கால எடுத்தா வண்டி உங்க கேட்டுக்குள்ள வந்துரும், மொதலாளி.”

“கியர்ல போட்டு நிறுத்து.”

“எஞ்சின நிறுத்தி கியர்ல போட்டா பம்பு எப்பிடி ஓடும்?” லூர்து கல்லை ஜன்னல் வழியே நீட்டினான். “நீங்களே வைங்க. உங்களுக்குத்தான் ஒழுங்கா வைக்கத் தெரியுமே.”

தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினார். வேட்டியை மடித்துக் கட்டி, பின்சக்கரத்தருகே குந்தினார். மோதிரம் போட்ட கை டயருக்கு அடியில் போவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது.

“டேய், மிதிச்சுக்கிட்டுதான இருக்க?”

லூர்து கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துக் கீழே பார்த்தான். பிரேக்கை மிதித்திருந்த கால் ஆத்திரத்தில் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.