தினம் ஒரு கோளாறு

"இந்த வேலையே வேணாம் தம்பி!" புதிதாகச் சேர்ந்த தையல்கார அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதலாளி முன்னால் வந்து நின்றாள்.

"என்னக்கா ஆச்சு?"

"சாயங்காலம் மெஷினை நல்லாத்தான் மூடி வெச்சிட்டுப் போறேன். காலையில வந்தா ஊசி திரும்பியிருக்கு, இல்லேன்னா பெல்ட் தளர்ந்திருக்கு. எல்லாம் அந்தக் கட்டிங் மாஸ்டர் வேலை. என்னைப் பார்த்தாலே சிரிக்கிறார்!"

"அப்புறம் யாரு சரிபண்ணினா?"

"வேற யாரு? நான்தான் மல்லுக்கட்டினேன். இன்னிக்கு மெஷின் சுத்தவே இல்ல. பிரிச்சு மேஞ்சு, உள்ளே சிக்கின நூலை எடுத்து ஓட்டிட்டேன். இனிமே என்னால முடியாது."

அவன் தலையைச் சொறிந்தான். "மாஸ்டர் பாவம்க்கா. கை வெச்சது நான்தான்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நம்மளது சின்னக் கடை. வெளியில அனுப்பி மெஷின் ரிப்பேர் பயிற்சி கொடுக்க வசதியில்ல. அதான் புதுசா வர்ற எல்லாருக்கும் தினம் ஒரு கோளாறு வெச்சிடுவேன். மாஸ்டரும் இப்படித்தான் கத்துக்கிட்டார். அந்த நெனப்புலதான் சிரிக்கிறார்."

"அதுக்காக இன்னிக்கு இப்படியா படுத்துவீங்க?" அவள் குரலில் கோபம் பாதி இறங்கியிருந்தது.

"இன்னிக்கு நான் கையே வைக்கலக்கா. நேத்து சாயங்காலம் நான் கடைப்பக்கமே வரல. அது நெஜமான ரிப்பேர்." அவன் போனை எடுத்தான். "மெஷின் நின்னுபோச்சுன்னு மாஸ்டர் சொன்னதும் மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தேன். வேணாம்னு சொல்லிடட்டுமா?"

அக்கா கைப்பையைத் திரும்பவும் ஆணியில் மாட்டினாள்.

"சொல்லிடுங்க தம்பி."